ஒரு சாண் பச்சை

பால் பொங்கிப் பதினெட்டாம் நாள்
ஃபிரிட்ஜைத் தொட்ட மாதேசு
கையை உதறிக்கொண்டு,
"புது வீடில்ல, கூச்சப்படுது" என்றான்.
ஈரக் காலோடு நானும் தொட்டேன்.
கூச்சமில்லை அது.
விரல் நுனியில் எறும்புப் புற்று.

டெஸ்டரை அதன் வயிற்றில் வைத்தேன்.
சின்னதாய்ச் சிவந்தது ஒரு கண்.
வாஷிங் மெஷினிலும் அதே கண்.
மோட்டாரிடம் போகத் தைரியமில்லை.

மெயினை இறக்கினேன்.
மின்விசிறி சுற்றி ஓயும்வரை
யாரும் பேசவில்லை.
ராயக்கோட்டை ரோட்டில்
கூழ் கம்பெனிக்கு வரிசை கட்டிய மாங்காய் லாரிகள்
எங்களுக்கும் சேர்த்துக் கத்தின.

பதினோரு வருஷமாய் என் பிழைப்பே வயர்தான்.
ஓசூரில், கார்களின் நரம்பு கட்டும் கம்பெனி.
ஒரு முனைக்கு இரண்டு நொடி.
ஒற்றை இழை வெளியே எட்டிப் பார்த்தாலும்
சிவப்புச் சீட்டுக் கட்டித் தள்ளிவைப்பேன்.
எந்த ஊரிலோ யாரோ ஏறி உட்காரப்போகும் வண்டிக்கு
அவ்வளவு பார்ப்பேன்.
என் வீட்டுச் சுவரில் குழாய் புதைத்த வாரம்
எனக்கு இரண்டாம் ஷிப்ட்.

பிளக் பாயிண்டைக் கழற்றினேன்.
நான்கு திருகில் இரண்டு சும்மா சுற்றின.
உள்ளே கால் பெட்டி சிமெண்ட்.
டேப் சுற்ற வேண்டிய இடத்தில்
ஜவுளிக்கடை மஞ்சள் பை, கிழித்து முடிச்சுப் போட்டிருந்தது.
சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு.
பச்சை மட்டும்
அழகாய், இறுக்கமாய், தன் இடத்தில்.
அப்பாடா என்று
பழக்கதோஷத்தில் லேசாய் இழுத்துப் பார்த்தேன்.
வந்துவிட்டது.
ஒரு சாண்.
மறுமுனை எதையும் பிடித்திருக்கவில்லை.

பதினான்கு பாயிண்டிலும்
பதினான்கு சாண் பச்சை.
வாசலில் கட்டிய மாவிலைக்கு
மரம் எங்கே என்று யார் கேட்கிறார்கள்?

"எர்த்து போட்டாச்சா?" என்று கேட்டதும் நான்தான்.
ஒரு பெட்டியைத் திறந்து காட்டினான் திம்மராயன்.
"பச்ச தெரியுதில்ல அக்கா?"
தெரிந்தது.
வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தோம்.

கொல்லைப்புறக் குழியின் மூடியைத் தூக்கினால்
பிரிக்காத உப்பு மூட்டை.
அதற்குக் கீழே பாறை.
இந்த மண்ணுக்கு
முழங்கால் ஆழம்தான் பொறுமை.

மாதேசு செருப்பைத் தேடினான்,
அவனைப் போய்ப் பார்ப்பதற்கு.
நான் கழற்றிய பலகையைத் திருப்பினேன்.
அதன் முதுகில் பென்சில் கணக்கு:

64 x 110 = 7040
அட்வான்ஸ் போக 4040
பைக் டியூ 3850
மிச்சம் 190

நூற்று அறுபது கேட்டவனை
நூற்றுப்பத்துக்கு இறக்கியது,
கம்பெனி பஸ்ஸில் நின்றபடி,
போனில், சிரித்துச் சிரித்து,
என் குரல்.
அந்த ஐம்பதையெல்லாம் சேர்த்து
பூஜை அறைக் கதவுக்கு மணி வைத்தோம்.

மாதேசிடம் காட்டவில்லை. அவன் போனான்.
திம்மராயன் வீடு பூட்டியிருந்ததாம்.

மறுநாள் அந்த ஒரு சாணைப்
பையில் போட்டுக்கொண்டு போனேன்.
செம்பு வெளியே போகக் கூடாதென்று
சாயங்காலம் தடவிப் பார்க்கிற செக்யூரிட்டி
காலையில் உள்ளே வருவதை ஏன் பார்க்கப்போகிறார்?
டீ இடைவேளையில்
இழுவை மெஷினில் மாட்டினேன்.
முள் பாதி தூரம்கூடப் போகவில்லை, அறுந்தது.
நகத்தால் சுரண்டினால்
செம்புக்கு அடியில் வெள்ளை.

"எந்த லைன் ரிஜெக்ட் இது?"
பின்னாலிருந்து சூப்பர்வைசர் எமல்டா.
"வீட்டு லைன் மேடம்."
சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

சிவப்புச் சீட்டு எழுதினேன்.
தேதி. குறை. அளவு.
"ஆபரேட்டர் பெயர்" என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

ரவுண்டானாவில் இறங்கி
நூறு மீட்டர் பச்சை கேட்டேன்.
கடைக்காரர் விலை சொல்லிவிட்டு
நான் ஏதாவது சொல்வேனென்று காத்திருந்தார்.
எண்ணிக் கொடுத்தேன்.

இன்சுலேஷன் டேப்புக்கு மட்டும்
ஐந்து ரூபாய் குறைக்கச் சொன்னேன்.